பாக்கியத்தின் இடுப்பிலிருந்த பெட்டி

என் அன்புத் தங்கச்சி சரசு,

பாக்கியத்தின் இடுப்பிலிருந்த பெட்டியைத் தோட்டக் கணக்கெழுதும் கிராணி கழற்றி வாங்கி, ஆபீஸ் மேசைக்குள் பூட்டினார். அன்று காலையே நீ செத்தாய். ஆபீசில் வேறு எப்படி எழுதி வைத்திருந்தாலும் நடந்தது இதுதான்.

"பெட்டி வேலை செய்யல, நாங்க என்ன பண்றது?" என்று அவர் தோட்டமெல்லாம் சொல்லித் திரிகிறார். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி உனக்கு எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் நெஞ்சு திடீரென்று துடிப்பைத் தவறவிடும். உடனே தோட்டத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால் காப்பாற்றலாம் என்றார் அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர். நீ பாலுக்கு ரப்பர் மரம் வெட்டும் காடோ ஒரு மைலுக்கு அப்பால். அசாம் ஜாவா டவுனில் ரேடியோ ரிப்பேர் செய்தே தொழில் கற்றவன் நான். துடிப்பைக் கம்பியில்லாமல் அனுப்பும் பெட்டி ஒன்றை உனக்குக் கட்டினேன். அவ்வளவு தூரம் கத்திக் கத்தியே அதன் பேட்டரி காலை பத்து மணிக்குள் தீர்ந்தது.

வழி சொன்னது நீ. "ஏண்ணே, பால் எடுக்கச் சொல்லி ஆர்டர் வந்தா நாங்க என்ன செய்யறோம்? பக்கத்து மர நிரைக்காரிக்குக் கேட்டா போதும். அவ அடுத்தவகிட்ட சொல்லிடுவா. தொண்ட கிழியக் கத்துறது வேலை வாங்குற மண்டோரு மட்டுந்தான்லா!"

அப்படியே செய்தேன். உன் பெட்டி மெல்லப் பேசும். பக்கத்து நிரைக்காரி பாக்கியத்தின் பெட்டி அதை வாங்கி அடுத்தவளுக்குத் தரும். நாலு பேரைத் தாண்டி ஆஸ்பத்திரியில் மணி அடிக்கும். நெஞ்சு ஒழுங்காக இருக்கும்வரை எந்தப் பெட்டியும் வாய் திறக்காது. பேட்டரி ஒரு வாரம் வந்தது. "சத்தமில்லேன்னா சுகம்" என்று சிரித்தாய்.

அன்றைக்குக் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்போது கிராணி பாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இது பேச்சைப் பிடிக்கிற பெட்டி. யூனியனுக்கு உளவு பாக்குறியா?"

"ஐயா, அது சரசோட நெஞ்சுங்க."

"அவ நெஞ்சு உன் இடுப்புல எதுக்கு?"

"உங்களுக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருந்தா கேக்க மாட்டீங்க."

வரிசையே சிரித்ததாம். பெட்டி போய்விட்டது; மற்ற பெட்டிகள் இருக்கின்றனவே என்று எல்லாரும் வேலைக்குப் போனீர்கள்.

நீ விழுந்ததும் உன் பெட்டி கூப்பிட்டது. வாங்கிக்கொள்ள ஆளில்லை. மணி அடிக்காததால் நீ சுகம் என்றே டிரெசர் இருந்துவிட்டார். பால் எடுக்கும்போதுதான் பாக்கியம் உன்னைக் கண்டாள்.

என் பிழையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். நீ சுகமாயிருந்தாலும் மௌனம், நடுவில் ஒரு பெட்டி போனாலும் அதே மௌனம். பேட்டரியை மிச்சம் பிடிக்கும் மும்முரத்தில் எனக்கு இது தோன்றவில்லையே. நீயாவது கேட்டிருக்கக்கூடாதா?

இப்போது ஒவ்வொரு பெட்டியும் கால் மணிக்கொரு முறை "இருக்கிறேன்" என்று ஒரு சின்ன டிக் அனுப்புகிறது. டிக் வராவிட்டாலும் மணி அடிக்கும். பேட்டரி நாலு நாள்தான் வருகிறது, வரட்டும். உன் நிரையை இப்போது வெட்டும் லெட்சுமிக்கும் உன் நோய்தான். பெட்டிகள் தயார். ஆபீஸ்தான் வேண்டாம் என்கிறது.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன்: அனுமதி வரும்வரை தினமும் பெரட்டில் போய் நிற்பேன். பிடுங்கியதைக் கிராணி எல்லார் முன்னாலும் பாக்கியத்தின் கையில் கொடுக்க வேண்டும். லெட்சுமியும் பக்கத்து நிரைக்காரிகளும் பெட்டி கட்டலாம் என்று மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டும். மணி அடித்தால் டிரெசர் யாரையும் கேட்காமல் லோரியை அனுப்ப வேண்டும். நாலு நாளுக்கொரு முறை பேட்டரி மாற்றுவது என் வேலை.

விட்டுக்கொடுக்காத உன் அண்ணன்,
முத்தையா