ஆவணி வரைக்கும்

அன்புள்ள அக்கா,

போனில் உன் காதுக்கு வராததையெல்லாம் மறைக்காமல் உள்ளபடியே எழுதப்போகிறேன். ஓவர்டைம் முடித்து ஹாஸ்டலுக்கு வந்ததும் படி.

அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனது நான்தான். மார்பில் இருப்பது புற்றுநோய், இந்த வாரமே கீமோ தொடங்க வேண்டும் என்றார் டாக்டர். அம்மா ஒன்றுதான் கேட்டாள்: "முடி கொட்டுமா, டாக்டரம்மா?" கொட்டும் என்றதும், "அப்போ ஆவணியில பெரிய பொண்ணு கல்யாணம் முடியட்டும்" என்று எழுந்துவிட்டாள். "அதுக்குள்ள பரவிடும்மா" என்று டாக்டர் வாசல்வரை வந்து சொன்னார்.

வீட்டில் பிள்ளைப்பாக்கத்து அத்தை என்னைத்தான் அதட்டினாள். "மொட்டத் தலையோட மணவறையில நின்னா சம்பந்தி வூட்ல இன்னா கேப்பாங்க? பொண்ணுக்கும் வரும்னு நிறுத்திடுவாங்கடி. நீ வாய மூடிக்கினு பரீச்சைக்குப் படி." அப்பா ஷிப்டுக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டார்.

உனக்கு விஷயம் தெரிந்தால் கீமோவைத் தள்ளிப்போட நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று நம்பி, அம்மாவைப் போன் செய்ய வைத்தேன். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். நோயையும் கீமோ ஆவணிக்குப் பிறகுதான் என்பதையும் அம்மா சொன்னதும், "மூணு மாசந்தானேம்மா, தாங்கிப்பியா?" என்றாய். "இன்னா பெரிய நோவு" என்று சிரித்தாள். பிறகு நீ மேளக்காரரைப் பற்றிப் பேசினாய்.

மாப்பிள்ளையிடம் நீயே சொல். சொல்ல முடியாதென்றால் அவரை எதற்குக் கட்டிக்கொள்கிறாய்?

நேற்று அம்மா கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்த்தாள். வலது கையைத் தூக்க முடியவில்லை. கொக்கி மாட்ட என்னைக் கூப்பிட்டாள். நான் உள்ளே போவதற்குள் விளக்கை அணைத்துவிட்டாள்.

உன் தங்கை