பிள்ளைக் காம்பராவின் பின்சுவர்

1980 மே 6

என் கைக்குழந்தை ரதி இன்று பிடிக்காமல் உட்கார்ந்தாள். இருமலும் இல்லை. ஸ்டோரை எங்கள் வீட்டருகிலிருந்து மாற்றியதிலிருந்து இல்லை என்று எழுதத்தான் கை வருகிறது.

உரமும் பூச்சிமருந்தும் ரப்பர் பாலை உறைய வைக்கும் அசிட்டும் இனி சுற்றுத் தோட்டங்கள் எல்லாவற்றுக்கும் எங்கள் தோட்டத்து ஸ்டோரில்தான் இறங்கும். லொறிக்கார ஹஸன் சிரிக்கிறார்: "கப்பல் ஹாபர்ல இந்தச் சாமானெல்லாம் வைக்க எடமில்லயாம் தங்கச்சி. கொழும்புக்காரன் பயந்திட்டு மலைக்கு ஏத்துறான்."

ஸ்டோர் முன்பு எங்கள் சமையல் குசினியை ஒட்டியே இருந்தது; பெரிதாக்கவும் முதலில் அந்தப் பக்கம்தான் அளந்தார்கள். ரதியின் இருமலைச் சொல்லி அழுதேன். இவர் ஸ்டோர் கிளாக்கர் அல்லவா, தோட்டத்துத் துரையிடம் போய் வேறு இடம் காட்டினார். பிள்ளைக் காம்பராவின் பின்சுவரோடு சேர்த்துத் தகரம் அடித்துப் புது ஸ்டோர் கட்டியாயிற்று. ரப்பர் பால் வெட்டப் போகிற பெண்கள் விடியுமுன் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது.

"அங்க நல்ல காத்து வரும்" என்றார். வரும்தான். எதைச் சுமந்துகொண்டு வரும்?

மே 9

ஸ்டோர்த் தரையைத் தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கோ, நாறாது என்று நான் முன்பு சொன்னதை அங்கேயும் செய்கிறார்களாம். இவருக்குப் பெருமை.

மே 21

மழை. காம்பரா ஆயா அங்கம்மா கசாயத்துக்குக் கொத்தமல்லி கேட்டு வந்தாள்.

"புள்ளைங்க எல்லாம் இருமுதுங்கம்மா. கண்ணு செவந்து கெடக்கு. ஸ்டோர் வாசந்தான்னு கங்காணிகிட்ட சொன்னா, ஒனக்கு மூக்கு நீளம்ங்கிறாரு."

ரதியைத் தூக்கிக் கொஞ்சினாள். "நம்ம பாப்பாவுக்கு சளியே இல்லியே! கண்ணு பட்டுறப் போவுது" என்று நெட்டி முறித்துவிட்டுப் போனாள்.

கொத்தமல்லியை இரண்டு கையாலும் அள்ளிக் கொடுத்தேன். அவ்வளவுதான் கொடுத்தேன்.

ஜூன் 3

பால் வெட்டும் பேச்சியம்மாவின் மகள் பாக்கியம். இரண்டு வயது. காம்பரா வாசலால் போகும் கழிவுநீர்க் காணில் நின்று விளையாடியிருக்கிறாள். ஸ்டோரில் அசிட் ஜாடி ஒன்று உடைந்ததை வழக்கம்போல் தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டிருக்கிறார்கள். வழக்கம்போல். யாருடைய வழக்கம்?

இரண்டு காலும் கணுக்கால் வரை வெந்து கொப்புளம். தெரணியகலை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்களாம்.

இவரிடம் கத்தினேன். "நீர் ஏன் இதை உம்மட தலையில போடுறீர்? துரை சரியெண்ட இடம்" என்றார். யார் காட்டிய இடம் என்று கேட்டேன். பிறகு சொன்னார்: "அப்ப திருப்பி எங்கட குசினிக்குப் பக்கத்தில கொண்டு வாறதோ? சொல்லும். நாளைக்கே துரையிட்டச் சொல்லுறன்."

ரதி மடியில் இருந்தாள். நான் வாய் திறக்கவில்லை.

ஜூன் 4

இன்றும் திறக்கவில்லை.

ஜூன் 10

கழுவுவதை நிறுத்திவிட்டார்கள். வாசம் கூடிவிட்டது. கீழே ஆற்றுப் பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைக்கூடம் சும்மா கிடக்கிறது, அங்கே மாற்றலாமே என்று இவர் துரையிடம் கேட்டாராம். மழைக்காலம் முடியட்டும் என்று பதில். முடியும்வரை அந்தப் பிள்ளைகள் மூச்சு விட வேண்டாமா?

ஜூன் 12

ரதியைத் தூக்கிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன்.

அங்கம்மா பதறிப்போனாள். "ஐயோ கிளாக்கரம்மா, இது லயத்துக் கூலிப் புள்ளைங்க படுக்கிற எடம்ங்க!"

சீலைத் தொட்டில் ஒன்று கட்டித் தரச் சொன்னேன். பக்கத்திலேயே இருந்தேன். மூக்கு எரிந்தது. தேத்தண்ணி நேரத்துக்குள் ரதி இருமத் தொடங்கினாள். தூக்கிக்கொண்டு ஓடக் கால் துடித்தது. ஓடவில்லை. என் பிள்ளையை வைத்து என்ன செய்கிறேன்? — மற்றவர்கள் பிள்ளைகளை வைத்துச் செய்ததைத்தான்.

மத்தியானம் இவர் வந்தார். "விசரே உமக்கு? தோட்டம் முழுக்க இதுதான் கதை!"

"நாளைக்கும் வருவன்" என்றேன்.

ஜூன் 13

போனேன். இருமல் கூடிவிட்டது. இவர் சாப்பிடாமல் துரை பங்களாவுக்குப் போனார்.

ஜூன் 16

ஜாடிகளும் பீப்பாய்களும் புகைக்கூடத்துக்கு இறங்குகின்றன. ஹஸன் லொறியிலிருந்து தலையை நீட்டினார்: "மழையில ஏலாதெண்ட துரை! கிளாக்கர்ர புள்ள இருமினதும் மழை உட்டுப் போச்சா தங்கச்சி?"

மழை விடவில்லை. மற்றப் பிள்ளைகள் இருமியது யாருக்கும் கேட்கவில்லை, அவ்வளவுதான். எனக்குக் கேட்டது.

ஜூன் 27

பாக்கியம் வீட்டுக்கு வந்துவிட்டாளாம். பேச்சியம்மா முந்தானையில் ரம்புட்டான் கொண்டு வந்து படியில் கொட்டினாள்.

"ஒங்க பாப்பாவாலதாங்க மாத்துனாங்க. அது நல்லா இருக்கணும்."

ஆம். ரதியால்தான். ஸ்டோர் அங்கே போனதும் அவளால்தான். அந்தப் பாதி பேச்சியம்மாவுக்குத் தெரியாது. பழத்தை வாங்கிக்கொண்டேன்.

ஜூலை 2

ரதிக்கு இருமல் விட்டுவிட்டது. காம்பராவிலும் வாசம் இல்லை. இருந்தும் இன்று அவளைக் கொண்டு போனேன்.

"இனி எதுக்கும்மா இங்க?" என்றாள் அங்கம்மா. தொட்டிலை அவிழ்க்காமல்தான் வைத்திருந்தாள்.

மற்றப் பிள்ளைகள் முற்றத்தில் ஓடினார்கள். பாக்கியத்தால் இன்னும் ஓட முடியாது. துணி சுற்றிய கால்களை நீட்டித் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சீலையைப் பிடித்து ரதியை ஆட்டிக்கொண்டிருந்தாள். ரதி தூங்கிய பிறகும் ஆட்டினாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சீலையின் மறு ஓரத்தைப் பிடித்தேன்.