துண்டுக்குள் போன கை

சார்,

இன்று காலை கடைக்காரர் புதுப் புளியை ஒரு பழைய நாளிதழ்த் தாளில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தபோது புளியின் வாசனையோடு ஒரு செய்தியும் வெளியே வந்தது. உலக நாடுகளின் வாணிப மாநாடு இந்த முறையும் உடன்பாடு இல்லாமலே கலைந்துவிட்டதாம். இப்படி ஓர் அமைப்பு இனியும் எதற்கு என்று பலர் கேட்கிறார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்ந்து சிரிக்க நீங்கள்தான் இல்லை.

எழுபதுகளின் தொடக்கம் அது. மொரப்பூருக்குப் பக்கத்தில் நம் பள்ளி. நான் கணக்கு, நீங்கள் வரலாறும் புவியியலும். ரயிலில் வரும் நாளிதழ் ஆசிரியர் அறையை எட்டும்போது மதிய மணி அடித்திருக்கும். எல்லோரும் முதல் பக்கத்துக்கு அடித்துக்கொள்ள, யாரும் தொடாத நடுப்பக்கம் உங்களுக்கு. அதில்தான் ஏழை நாடுகளும் பணக்கார நாடுகளும் வாணிபம் பற்றிப் பேசிப் பேசி எழுந்துபோகும் செய்திகள் இருக்கும்.

"நூறு நாடு வந்திருக்குதுங்க சார். ஆனா முடிவு பண்றது பக்கத்து ரூம்ல நாலு பேரு" என்பீர்கள்.

"அப்படின்னா அதை இழுத்து மூடிட வேண்டியதுதானே?" என்று நான் கேட்பேன். கணக்கு வாத்தியாருக்கு விடை வராத கணக்கைக் கண்டால் பொறுக்காது.

"மூடிட்டா சின்ன நாடு தனியாப் போயி பெரிய நாட்டுக்குக் கையக் குடுக்கோணும். துண்டுக்குள்ள அவன் எந்த வெரல அமுக்கறான்னு யாருக்குங்க தெரியும்?"

எனக்கு உடனே புரிந்தது. நம் சந்தையில் மாடானாலும் புளியானாலும் விலையை வாயால் சொல்லும் வழக்கம் அப்போது இல்லை. இரண்டு கைகள் மேல் ஒரு துண்டு. உள்ளே விரலைப் பிடித்தே பேரம். பக்கத்தில் நிற்பவருக்கு இருவருடைய முகம் மட்டும்தான் தெரியும்.

அந்த வருஷக் கோடையில்தான் நம் சந்தையிலும் பேச்சு நின்றுபோனது. கொட்டை, தூசு, ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு இவ்வளவு எடை கழிவு என வியாபாரிகள் சங்கம் விதி போட்டது. சங்கத்தில் புளி வாங்குகிறவர்கள் மட்டுமே இருந்தார்கள். விளைவிக்கிறவர் ஒருவரும் இல்லை. கோபத்தில் யாரும் மூட்டை கொண்டுவரவில்லை. சந்தைத் திடல் வெறிச்சோடியது. ஆனால் மண்டிக்காரர்கள் ஊர் ஊராகப் போய் வீட்டு வாசலிலேயே துண்டு போடத் தொடங்கினார்கள். பக்கத்து வீட்டில் என்ன விலை என்று தெரியாமல் விளைவித்தவர்கள் ஆளாளுக்குக் கிடைத்த விலையை வாங்கிக்கொண்டார்கள்.

சித்தேரி மலையடிவாரத்து முனியம்மா மட்டும் விற்கவில்லை. அவருடைய ஏர்மாடுகளில் ஒன்று செத்துப்போயிருந்தது. புளி விற்ற பணத்தில் மிச்சமிருந்ததற்கு ஜோடியாக ஒரு மாடு வாங்கினால்தான் அந்த வருஷம் விதைப்பு. மழை இறங்கிவிட்டால் வீட்டில் கிடக்கும் புளி கறுத்துப் பூச்சி விழும். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்று, "எப்பங்க சாரு தெறப்பாங்க?" என்று உங்களிடம் கேட்டுவிட்டுப் போவார்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் மாதா கோயில் பூசை முடிந்து வந்த பிறகு, திடலில் கூட்டம் கூடியது. நடுநிலையான ஆள் என்று சங்கத்தார் உங்களை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உங்கள் அண்ணனுக்குப் புளியந்தோப்பு இருப்பதை நீங்களே முதலில் சொன்னீர்கள். யாரும் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பேச்சு நன்றாகவே போனது. அப்போது பக்கத்திலிருந்த மண்டிக்காரர் உங்கள் பக்கம் சாய்ந்து, தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டு நீட்டினார். புளிக்காரர் வீட்டில் பிறந்த கை அல்லவா? யோசிக்காமல் உள்ளே போய்விட்டது.

திடலில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டார்கள்.

"ஏன் சாரு, நீங்களுமா துண்டுக்குள்ள கைய வுட்டீங்க?" என்றார் முனியம்மா.

"இல்ல ஆயா, கழிவு எம்புட்டுக்கு ஒத்துக்கலாம்னு சும்மா சாருக்குச் சொல்லி வெச்சேன்" என்று மண்டிக்காரர் இழுத்தார்.

"சும்மா சொல்றத வாயில சொல்லோணும். வாய வாடகைக்கு வுட்டுட்டயா?"

கூட்டம் சிரித்தது, அதே வேகத்தில் சிரிப்பு நின்றது. பின்னாலிருந்து ஒருவர், "உங்கள அங்க யாருங்க ஒக்கார வெச்சாங்க? நாங்களா?" என்றார். கூட்டம் அத்தோடு கலைந்திருந்தால் அந்த ஆண்டு திடல் திறந்திருக்காது.

நீங்கள் எழுந்து, மண்டிக்காரர் விரலில் காட்டிய கழிவு இன்னதென்று உரக்கச் சொன்னீர்கள். சங்கம் வெளியே சொல்லிக்கொண்டிருந்ததில் அது பாதிதான். "எங்கைய யாரும் புடிச்சு இழுக்கலீங்க. பழக்கத்துல நானேதான் வுட்டேன். கேட்டவரு கேட்டது ஞாயந்தான். ரெண்டு பக்கமும் சேந்து ஆரச் சொல்றீங்களோ அவுங்க ஒக்காரட்டும்" என்று சொல்லிவிட்டுத் தரையில் போய் உட்கார்ந்தீர்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. யார் உட்காருவது என்பதிலேயே வெயில் ஏறியது. முனியம்மாவைச் சொன்னார்கள். "நானு நாற்காலில ஒக்காந்தா எம்பேச்ச யாரு பேசறது?" என்று மறுத்துவிட்டார். கடைசியில் விளைவிக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் ஒருவர், மாற்றி மாற்றி உட்காருவதென்று முடிவானது. மூட்டையை இருவர் முன்னிலையிலும் பிரித்து, கண்ணுக்குத் தெரிகிற கொட்டைக்கும் தூசுக்கும் மட்டுமே கழிவு. விலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திடலுக்குள் துண்டு தோளைவிட்டு இறங்கக் கூடாது. ஈரத்துக்கு எவ்வளவு என்ற பேச்சு மட்டும் முடியவில்லை. நாம் இருவரும் மாற்றலாகிப் போகும்வரை அது முடியவே இல்லை.

ஆனால் அடுத்த வாரம் திடல் நிறைந்தது. கொஞ்ச நாளில் முனியம்மா நம் பள்ளியைத் தாண்டி ஒரு செவலைக் காளையை ஓட்டிக்கொண்டு போனார். நீங்கள் பாடத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வந்தீர்கள். எதிர் வகுப்பிலிருந்த என்னைப் பார்த்து, "பேச்சு முடியலீங்க சார். சந்தை நடக்குது!" என்று கத்தினீர்கள். இரண்டு வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றும் புரியாமல் கைதட்டினார்கள்.

பழைய மாணவர்கள் வந்தால் இன்றும் என்னிடம் கேட்கிறார்கள்: இவ்வளவு காலம் பேசியும் முடிவுக்கு வராத இந்த உலக அமைப்புகளை நம்பலாமா சார்? விடை வராத கணக்கு இப்போது எனக்கு எரிச்சல் தருவதில்லை. அவர்களிடம் இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். அங்கே உட்கார்ந்திருப்பவரை உட்கார வைத்தது யார்? அந்தக் கூட்டத்தால் எந்த வீட்டுக்கு மாடு வந்தது?

மாடா என்று அவர்கள் விழிக்கும்போது, உங்கள் கதையைத் தொடங்குகிறேன்.