இரும்புத்தோளனால் நின்றுபோன பாக்குவெற்றிலை

கொரட்டூர்,
சுபானு வருஷம் ஆவணி மாதம் 20-ந் தேதி

சிரஞ்சீவி கங்காதரனுக்கு உன் தகப்பன் திருவேங்கடம் மனதார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் எருமை இரண்டும் சௌக்கியம், அங்கே நாகபுரியில் உன் சௌக்கியத்தையும் ஒர்க்ஷாப்பில் உன் கைவிரல் பத்தும் பத்திரமாக இருப்பதையும் எழுதவும். மழை இன்னும் கண் திறக்கவில்லை, ஏரியில் தண்ணீர் அடிவயிற்றுக்குப் போய்விட்டது. சீமெண்ணெய்க்கு வரிசையில் நிற்கப்போய் அடுத்த வீட்டு நாகப்பன் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தான். மற்றபடி ஊரில் விசேஷம் இல்லை.

உன் கல்யாண விஷயம். வானகரம் எத்திராஜ் மாமா மகள் வசந்தாவை உனக்குக் கேட்டு, ஆவணி நாலாம் தேதி பாக்குவெற்றிலை மாற்றிக்கொள்ளப் போகிறோம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன். அன்றைக்கு அது நடக்கவில்லை. பதறாதே. யாருக்கும் சாவு இல்லை, ஜாதகத்தில் குறை இல்லை, பெண்ணும் நல்ல பெண். இரும்புத்தோளன் என்பவனால் நின்றுபோயிற்று. அவன் யார் என்று உனக்குத் தெரியாது, நீ நாகபுரிக்குப் போன பிறகு வந்தவன் அவன். பட்டணத்தில் ஒரு அச்சுக்கூடத்தார் பெரிய கதை ஒன்றைப் பாகம் பாகமாகப் போட்டு வந்தார்கள். ஒவ்வொரு பாகமும் வந்ததும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடானபின் நான் உரக்கப் படிப்பேன், உன் அம்மாவும் அக்கம்பக்கத்தாரும் கேட்பார்கள், எத்திராஜ் இதற்காகவே வானகரத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவான். கதை இதுதான். ஒரு மந்திரவாதி ஒரு நாட்டு மழையைத் திருடி ஏழு மலைக்கு அப்பால் குடத்தில் அடைத்துவிடுகிறான், ராஜகுமாரன் அதை மீட்கப் போகிறான். அவனோடு துணைக்கு இரண்டு பேர். இரும்புத்தோளன் ஆற்றிலும் காட்டிலும் ராஜகுமாரனைத் தோளில் சுமப்பான், அவனுக்கு வரும் அம்பைத் தன் மார்பில் வாங்குவான், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்டதில்லை, முதல் பாகத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்டவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. இன்னொருவன் உப்புக்குள்ளன். மூன்று சாண் உயரம், தலையில் உப்பு மூட்டை, ஒவ்வொரு மலையடியிலும் கால் வலிக்கிறது என்பான். ஐந்தாம் பாகத்தில் அம்மாவுக்கு உடம்பு எப்படியோ என்று சொல்லிவிட்டு ஊருக்கே போய்விட்டான். ஏழாம் பாகத்தில் புது உப்போடு வந்து சேர்ந்தான். அவன் ஊருக்குப் போன பக்கத்தைப் படித்தபோது நான் சீ என்றேன், எத்திராஜ் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

பதினோராம் பாகத்தின் கடைசியில் நெருப்பாறு வருகிறது. கரையில் சின்னப் படகு, ராஜகுமாரனோடு ஒருவன்தான் ஏறலாம். யார் ஏறினான் என்பது பன்னிரண்டாம் பாகத்தில். யுத்தத்தால் காகிதம் கிடைக்கவில்லை என்று அந்தப் பாகம் அச்சாகவில்லை. ராஜகுமாரன் நான்கு மாதமாகக் கரையில் நிற்கிறான்.

நாலாம் தேதி வானகரம் போனோம். தட்டு, பழம், மஞ்சள் எல்லாம் பரப்பியாயிற்று. வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்த எத்திராஜ் அதை என்னிடம் நீட்டாமல், "மாமே, எனக்கின்னாவோ குள்ளன்தான் படகுல ஏறுவான்னு தோணுது" என்றான். உன் அம்மா என்னைப் பார்த்தாள், நான் பேசாமல் தட்டை வாங்கியிருக்கலாம். நடுவழியில் ஓடிப்போனவனுக்குப் படகில் இடம் கொடுத்தால் அது அநியாயம் என்று சொன்னேன். "தோள்ல தூக்கினு போறத எருமையும்தான் செய்யும் மாமே, உப்பில்லாம ஏழு மலையும் இன்னாத்தத் துன்னுவானுங்க?" என்றான் அவன். வீட்டை நினைத்துக்கொண்டு ஓடினவன் துணை என்றால் எங்கள் எருமைகூடச் சாயங்காலமானால் வீட்டுக்குத்தான் வருகிறது என்றேன் நான். எல்லாரும் சிரித்தார்கள். எத்திராஜ் சிரிக்கவில்லை. "வருதில்ல? அத்தத்தான் நானும் சொல்றேன். உன் இரும்புத்தோளன் ஊட்லயும் ஒருத்தி ஒல வச்சிட்டு வாசலப் பாத்துகினு கீறாளே, அவளப் பத்தி எந்தப் பாகத்துலனா ஒரு வரி கீதா?" என்றான். உன் அம்மா கையிலிருந்த குங்குமச் சிமிழைக் கீழே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள். எத்திராஜ் என்னை அவமானப்படுத்தியதில் அவளுக்குக் கோபம் என்று நான் எடுத்துக்கொண்டு, இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று துண்டை உதறி எழுந்தேன். வண்டியைக் கட்டினேன்.

அயனம்பாக்கம் ஏரிக்கரையில் அவள் என் முதுகைப் பார்த்துச் சொன்னாள், "மூணு வருசமாச்சு. கண்ண மூடினா புள்ள மூஞ்சி சரியா வரமாட்டேங்குது. நீதான திரும்பிப் பாக்காம போடான்னு சொல்லி அனுப்புன? அவனும் பாக்கல." நான் அப்படிச் சொன்னது உண்மைதான். சகுனத்துக்காகச் சொன்னேன். அதை நீ இவ்வளவு நாள் கடைப்பிடிப்பாய் என்று நினைக்கவில்லை. கயிறு என் கையில் இருந்ததே தவிர அதன்பிறகு மாடுகள்தான் எங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தன.

எட்டு நாள் கழித்து நான் தனியாக வானகரத்துக்கு நடந்தே போனேன். எத்திராஜ் கத்தரிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான், என்னைப் பார்த்தும் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. மச்சான், குள்ளனும் ஒரு விதத்தில் நல்லவன்தான் என்றேன். அவன் இரண்டு பாத்திக்கு மடை திருப்பியபின், "இரும்புத்தோளன் கெட்டவன்னு நானும் சொல்லலியே மாமே. ரெண்டாவது ஆத்துல அவன் இல்லன்னா குள்ளன் மூட்டையோட தண்ணில அடிச்சினு போயிருப்பான்" என்றான். அதுவும் சரிதான், ஆனால் பிழைத்துக் கரையேறியவனுக்குச் சாப்பாட்டில் உப்பு வேண்டாமா என்றேன். அவன் இரும்புத்தோளனின் மார்பில் எத்தனை அம்பு என்று சொல்ல ஆரம்பித்தான். கால் நாழிகையில் நான் குள்ளனுக்காகவும் அவன் இரும்புத்தோளனுக்காகவும் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம், பக்கத்து நிலத்திலிருந்து துலுக்கானம் ஓடிவந்து நடுவில் நின்றான். அந்த நேரத்தில் வசந்தா மோர் கொண்டுவந்தாள். சொம்பை வரப்பில் வைத்துவிட்டு, "நைனா, மாமா, படகுல எவன் ஏறுனா எனக்கின்னா? நாகபுரியில கீறவரு ரயில் ஏறுவாரா மாட்டாரா, அத்த மொதல்ல சொல்லுங்க" என்றாள். நாங்கள் இரண்டு பேரும் மோரைக் குடித்தோம்.

போன வெள்ளிக்கிழமை பாக்குவெற்றிலை மாற்றியாயிற்று. கதைப் பேச்சை எடுக்கக்கூடாது என்று இரண்டு வீட்டுப் பெண்களும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள், எடுக்கவில்லை. தை மாதம் முகூர்த்தம். துரையிடம் இப்போதே லீவு கேள், இல்லை என்றால் மறுநாளும் கேள், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் பொய் சொல்லாதே, பலித்துவிடும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. மிஷின் பக்கத்தில் வேட்டி கட்டாதே. உன் அம்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, எனக்கு எழுதும் கடிதத்தின் மூலையில் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும் என்று எழுதுவது போதாது என்று இப்போது எனக்குப் படுகிறது. ஒரு போட்டோ பிடித்து அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன், காகிதம் வேண்டாம், ஆள் வேண்டும் என்கிறாள். எந்த வண்டியில் வருகிறாய் என்று முன்கூட்டியே கார்டு போடு, மறந்துவிடாதே. உன் அம்மாவும் சென்ட்ரலுக்கு வருவாளாம். அவ்வளவு பெரிய ஸ்டேஷனை அவள் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்தில் உன்னை நான் காட்டுகிறேன் என்று சொன்னேன். "நீ சும்மா நில்லு, நானே பாத்துக்கினு கூட்டியாறேன்" என்றாள்.

சகல பாக்கியமும் பெற்று நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் தகப்பன்
திருவேங்கடம்