ஃபாயிஸா வீட்டு மாடியில் நம் வினோ

இயேசு மரி சூசை துணை

திண்டுக்கல்

அன்பு மகன் பிராங்கிளினுக்கு அம்மா ஆனந்தமேரி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் உன் மனைவி மரியசெல்வியும் மகள் வினோக்குட்டியும் சுகம், தோஹாவில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஆனாலும் போனில் உன் கன்னம் ஒட்டிக் கிடப்பதைப் பார்க்காமல் இல்லை. போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைக்காதே, போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ ஒன்பது வார்த்தை பேசிவிடுகிறாய், இதிலே குறுக்கே பேச முடியாது பார். அடுத்த தெரு பெலிக்ஸ் வியாழக்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் இதையும் பருப்புப்பொடியையும் கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் நீ மரியசெல்வியிடம், வினோவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் வேலையை விட்டுவிடு என்று சொன்னாய் அல்லவா, அன்று அவள் வைத்த ரசத்தில் உப்பே இல்லை, நானும் அப்படியே குடித்தேன். எனக்கு உன் மேல் கோபம்தான். கன்னிவாடிப் பள்ளிக்கூட வேலைக்காக வயிற்றில் வினோவோடு பரீட்சை எழுதியவள் அவள். காலையில் அவள் பஸ் ஏறி வெகுநேரம் கழித்துத்தான் வினோவின் சிறப்புப் பள்ளி வேன் வருகிறது, சாயங்காலம் அவள் வருவதற்கு வெகுநேரம் முன்பே பிள்ளையை இறக்கிவிட்டுப் போய்விடுகிறது. அப்பா ரெட்டியார்சத்திரம் தோட்டத்துக்குப் போனால் இருட்டித்தான் வருவார். என் தையல் மெஷின் ஓடினால் வினோ காதைப் பொத்திக்கொண்டு தலையைச் சுவரில் முட்டுகிறாள், நிறுத்தினால் கிறிஸ்மஸ் துணி கொடுத்தவர்கள் எல்லாம் வாசலில் வந்து நிற்கிறார்கள். நாங்கள் கேட்காத இடம் இல்லை. டியூசன் டீச்சர் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, தங்கமான பிள்ளதாம்மா, ஆனா மத்த பிள்ளைக படிக்க முடியல, கூட்டிட்டுப் போயிருங்க என்றார். பெரிய போர்டு மாட்டிய காப்பகத்தில் பிள்ளைக்குப் பேச்சு சரியாக வராது என்றதும் இடமில்லை என்றார்கள், எனக்கு வந்த ஆத்திரத்தில், அம்புட்டு நாற்காலியும் சும்மாத்தானே கெடக்கு என்று கேட்டேவிட்டேன்.

அப்புறம்தான் உன்னோடு பத்தாவது படித்த ஃபாயிஸா கிடைத்தாள். அவள் மகன் ரிஃபாத்தும் வினோ மாதிரிதான். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே படித்தவள், தன் பிள்ளையை விட இடம் கிடைக்காமல் வேலையை விட்டுவிட்டாள், இப்போது வீட்டு மாடியிலேயே காலையும் சாயங்காலமும் சில பிள்ளைகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே விளையாட்டு முடிந்து பலகாரம், பலகாரம் முடிந்து படம் வரைவது என்று மாறும்போதெல்லாம் ஒரு சின்ன மணியை ஆட்டுவாள். கோயில் மணி அடித்தால் மண்டியிட வேண்டும் என்று வினோவைப் பழக்கிய மகராசன் உன் அப்பாதானே, முதல் நாள் மணி கேட்டதும் இவள் பொத்தென்று மண்டியிட்டு அருள் நிறைந்த மரியே என்று மந்திரத்தை ஆரம்பித்துவிட்டாள். மற்றப் பேச்சு வராவிட்டாலும் செபம் மட்டும் பிசகாமல் வருமே. அவளைப் பார்த்து ரிஃபாத் மண்டியிட, அவனைப் பார்த்து மற்றவர்களும் மண்டியிட, அன்று தோட்டத்துக்குப் போகாமல் பிள்ளையைக் கூப்பிடப் போன உன் அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. அவங்க வேதம் வேற, நம்ம வேதம் வேற, இந்த எடமும் போச்சு ஆனந்தமேரி என்று வந்து சோறு வேண்டாமென்று படுத்துவிட்டார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்க ஒரு தூக்கு நிறையப் பணியாரத்தோடு நான் போனேன். ஃபாயிஸா சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவிவிட்டது. ரிஃபாத்த ஒரு எடத்துல உக்கார வைக்க நான் தலகீழா நிக்கிறேன், வினோ ஒரே நாள்ல மண்டி போட வச்சுட்டாளேம்மா என்றாள். கும்பிடுறதுல தப்பில்ல, ஆனா பலகாரத்துக்கெல்லாம் மாதாவக் கூப்பிட்டா அவங்களுக்கே சலிச்சுப்போகும் என்று மணியை எடுத்து வைத்துவிட்டாள், இப்போது கை தட்டுகிறாள். வினோ ஒரு நாள் அவளைக் கடித்தும் வைத்தாள், உன்னிடம் மறைப்பானேன், அவள் மருந்து போட்டுக்கொண்டு, நாளைக்கு மறக்காம அனுப்புங்க என்றுதான் சொன்னாள்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் வாசலில் ஃபாயிஸா ரிஃபாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இனிமேல் முடியாது என்று சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன். அவளோ, காலையிலருந்து இவன் மாடிப்படிய விட்டு எந்திரிக்கல, லீவுன்னு சொன்னாலும் கேக்கல, வினோவ ஏம்மா அனுப்பல, செத்த நேரம் விடுங்களேன் என்றாள். அப்பு, எட்டு வருஷமாக எல்லாரும் நம்மிடம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். ஏன் அனுப்பவில்லை என்று வாசலுக்கே வந்து ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. மரியசெல்வி சேலை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நானும்தான் அழுதேன், வினோ எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ரிஃபாத்தோடு போய்விட்டாள்.

ஆகையால் வேலையை விடு என்கிற பேச்சை இனி எடுக்காதே. வெயிலில் தலையை மூடிக்கொள், காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று வயிற்றைக் காயப்போடாதே. மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், நெற்றியில் சிலுவை போட்டு ஒரு முத்தம். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அடுத்த முறை மரியசெல்வி போனை எடுத்ததும், என்ன டீச்சரம்மா, பள்ளிக்கூடம் எப்படிப் போகுது என்று கேள்.

இப்படிக்கு
உன் அம்மா
ஆனந்தமேரி