ஆசைப்பட்டது உன் அப்பா, தங்கியது நான்

எல் சுர்க்கோ,
கலார்க்காவுக்கு மேலே, மலை.
செவ்வாய்க்கிழமை, மழை விட்ட பிறகு.

அன்பு மகள் யமிலேவுக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீ அந்த சரகோசாக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். போன மாதம் அப்பா உனக்குப் போன் செய்து "உங்கம்மா என்னை விட்டுட்டு மலையில போய் உக்காந்துட்டா" என்று சொன்னாராமே, அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்ல எனக்குப் போன் போதாது கண்ணு, இங்கே மேட்டு உச்சியில் போய் நின்றால்தான் சிக்னல், அங்கே காற்று அடிக்கிற அடியில் நீ என்னைத் திட்டியதுகூட எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. சாமியார் கூட்டமா என்று கேட்டாய், அது மட்டும் கேட்டது. இங்கே சாமியாரும் இல்லை, தலைவரும் இல்லை. ஒரு தலைவர் இருந்தால் தேவலை என்று நினைக்கும் அளவுக்குக் கூட்டம் போட்டுப் பேசுகிறார்கள், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்று தெரிந்துகொள், இந்த ஆசை என்னுடையது இல்லை. பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து தேய்ந்துகொண்டிருந்தார், அப்போதுதான் அவருடைய பழைய சிநேகிதன் ஹெர்மான் வந்து, மலையில் நாற்பது பேர் சேர்ந்து ஒரே நிலத்தில் பயிரிட்டு, ஒரே அடுப்பில் சமைத்து வாழ்கிறோம், உப்பும் தீப்பெட்டியும் மருந்தும் தவிர அநேகமாக எதையும் கடையில் வாங்குவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து உன் அப்பாவுக்கு வேறு பேச்சு இல்லை. கரண்ட் பில் கிடையாது ரூபி, மரத்துலேர்ந்து பறிச்சுத் திங்கலாம் ரூபி, சாயங்காலமானா எல்லாரும் கிட்டார் வாசிப்பாங்களாம் ரூபி. அவர் மனதில் இருந்தது ஒரு தூளிப் படுக்கையும் ஒரு மாமரமும்தான் என்று எனக்கு அப்போதே தெரியும். யாராக இருந்தாலும் ஒரு மாதம் விருந்தாளியாக இருந்து பார்த்த பிறகுதான் சேர்வதா வேண்டாமா என்ற பேச்சே என்றார்கள் மலையில் இருப்பவர்கள். சரி, இவர் ஒரு வாரத்தில் அலறிக்கொண்டு ஓடி வருவார், அதை நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் நானும் கிளம்பினேன், அதுதான் உண்மை.

வந்த மறுநாளே அவர் கையில் மண்வெட்டியைக் கொடுத்து மரவள்ளிக் கிழங்கு தோண்டச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் கழிப்பறை. தண்ணீர் கிடையாது, ஒரு கை மரத்தூள் அள்ளிப் போட வேண்டும், அது எருவாகும், அந்த எருவை வாரிக் கொட்டுவதற்கும் முறை வைத்திருக்கிறார்கள், அப்பா முறை வந்த அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பன்றிக்கறி பண்டிகைக்கு மட்டும்தான். ஸ்க்ரூ வாங்கி வருகிறேன் என்று அவர் நம் பழைய ஜீப்பை எடுத்துக்கொண்டு கீழே போவார், திரும்பி வரும்போது மீசையில் பொரித்த பன்றித்தோல் வாசம் வரும். ஒரு நாள் கொன்சுவேலோ, அவள்தான் அந்த மாதம் வேலைகளைப் பிரித்துக் கொடுத்தவள், அவரிடம் "எவேலியோ, இந்த வீட்டுக்கு இவ்வளவு ஸ்க்ரூ அடிச்சா அது ஓட்டையா போயிடும்யா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், அப்பா சிரிக்கவில்லை.

எனக்கோ, எப்படிச் சொல்வேன் யமிலே, என்னைப் பிடித்து யாரோ உலுக்கி எழுப்பிவிட்ட மாதிரி இருந்தது. என் வாழ்நாளெல்லாம் மருந்துக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சில்லறை கொடுத்தவள் நான். இங்கே என்னைச் சுவர் வேலைக்கு விட்டார்கள். மூங்கில் பிளந்து நட்டு, மண்ணும் வைக்கோலும் சாணியும் போட்டுக் காலால் மிதித்து, கையால் அப்ப வேண்டும். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தச் சேற்றில் ஏழெட்டுப் பெண்களோடு நான் ஆடிய ஆட்டத்தை நீ பார்த்திருந்தால் என் அம்மாவா இது என்றிருப்பாய். அந்தச் சுவர் நிற்கிறது. கோணலாகத்தான் நிற்கிறது, ஆனால் நிற்கிறது, தினமும் காலையில் போய் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காப்பி குடிக்கிறேன். அந்தக் காப்பியும் நாங்களே பறித்து நாங்களே வறுத்தது. சாப்பாட்டு மேசையில் நாற்பது பேர், ஒரு பெரிய அண்டா பீன்ஸ், சுடச்சுட மக்காச்சோள அரெப்பா ரொட்டி, யாராவது ஒருவர் நம்மைப் பார்த்து இன்றைக்கு உன் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்பார். நீ போன பிறகு நம் வீட்டில் நானும் அப்பாவும் ஒரே மேசையில் இரண்டு தட்டோடு டிவியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம், அதை உனக்கு நான் சொன்னதே இல்லை.

எல்லாம் தேன் என்று சொல்லி உன்னை ஏமாற்ற மாட்டேன். யார் முகமும் வாடக் கூடாது என்று பார்த்துக்கொண்டே இருப்பதும் ஒரு தொல்லைதான், இங்கே தும்மினால் நாற்பது பேருக்குத் தெரியும். தனிப் பர்ஸ் கிடையாது. எனக்குத் தலைச்சாயம் வேண்டும் என்று சாமான் வாங்கப் போகிறவரிடம் சொன்னேன், அது கூட்டத்துக்குப் போய்விட்டது. ஒருவர் இருக்கிறார், நன்றாகப் பேசுவார், விறகு வெட்டும் நேரத்தில் மட்டும் காணாமல் போவார், அவர் எழுந்து "சாயம்ங்கறது தேவையா ஆசையான்னு யோசிக்கணும் தோழி" என்றார். எனக்கு எரிந்துகொண்டு வந்தது. "உங்க பேச்சு தேவையா ஆசையா, அதையும் சேர்த்து யோசிங்க" என்று சொல்லிவிட்டேன். உடனே கொன்சுவேலோ கையைத் தூக்கி "எனக்கும் ஒரு பாக்கெட் எழுதிக்கங்க" என்றாள். கண்ட நேரத்தில் கூவுகிற ஒரு சேவலை என்ன செய்வது என்று மூன்று கூட்டம் நடந்தது, இன்னும் முடிவாகவில்லை, சேவல் கூவிக்கொண்டுதான் இருக்கிறது. போன வருஷம் ஒரு தம்பதி மனஸ்தாபத்தில் வெளியேறினார்களாம், இத்தனை வருஷம் உழைத்த நிலத்தில் ஒரு பிடி மண்கூட அவர்களுடையது இல்லை, வந்தபோது கொண்டுவந்த பெட்டியோடுதான் போனார்கள். அதைக் கேட்ட அன்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

மூன்றாவது வாரம் அப்பா பெட்டியைக் கட்டினார். "நான் கிளம்பறேன், நீ வர்றியா இல்லையா" என்றார். எனக்கு வாய் தானாக "நான் வரல" என்றது. அவர் நம்பவில்லை. "என்ன ரூபி, விளையாடறியா" என்றார். "கூப்பிட்டுட்டு வந்தது நீங்க, பிடிச்சுப்போனது எனக்கு, நான் என்ன பண்ணட்டும்" என்றேன். அவர் பெட்டியைத் தூக்கிப் பின் சீட்டில் போட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் பீன்ஸ் கொடிகளுக்குள் போய் நின்று நன்றாக அழுதேன், ஆனால் ஓடிப்போய் வண்டியை நிறுத்தவில்லை. இதுதான் அவர் உன்னிடம் சொன்ன பாதி.

அப்புறம் மழை பிடித்தது. வளைவில் மலை சரிந்து பாதையை மூடிவிட்டது, அதற்கு மறுநாள் காலையில் ஹெர்மானுக்கு வயிற்று வலி. கஷாயம் கொடுத்தார்கள், ஒத்தடம் கொடுத்தார்கள், அவர் வேர்த்து வெளுத்துக் கத்த ஆரம்பித்துவிட்டார். இங்கே டாக்டர் இல்லை, வண்டி வர வழியில்லை. நான் மேட்டுக்கு ஓடி அப்பாவுக்குப் போன் போட்டேன். நாங்கள் பேசாமல் இருந்த நாட்கள் அவை. மூச்சு வாங்க "ஹெர்மானுக்கு ரொம்ப முடியல" என்று மட்டும்தான் சொன்னேன், "சரிவு வரைக்கும் கொண்டு வாங்க, அந்தப் பக்கம் நான் இருப்பேன்" என்று வைத்துவிட்டார். தூளியை ஒரு மூங்கில் கழியில் கட்டி, அதில் ஹெர்மானைப் படுக்க வைத்து, தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கினோம். சரிவில் முழங்கால் வரை சேறு. சேவலுக்காகச் சண்டை போட்டவர்கள் யாரும் அன்று ஒரு வார்த்தை விவாதம் செய்யவில்லை, விறகுக்கு ஒளிகிற அந்த மனிதர் ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு வெறுங்காலோடு கடைசி வரை கழியை விடவில்லை. சேற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா நனைந்துகொண்டு நின்றார், பின் சீட்டைக் கழற்றி நம் மெத்தையைப் போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்து "ஏறு" என்றார், ஏறினேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

ஆபரேஷனுக்குப் பிறகு ஹெர்மானை உன் அறையில்தான் படுக்க வைத்தோம். நான் இரண்டு நாள் இருந்துவிட்டு மேலே வந்தேன், கஞ்சி வைத்து, கட்டு மாற்றி, சீட்டாடித் தோற்று எல்லாம் பார்த்துக்கொண்டது அப்பாதான். டிவியைப் போடவே இல்லையாம். பாதை சரியானதும் என் மாதமும் முடிந்தது, கூட்டம் கூடியது. தம்பதியில் ஒருவர் மட்டும் சேர்வது இங்கே வழக்கமில்லை, வீட்டையும் விற்றுப் பொதுவில் போட வேண்டும், அதுதான் விதி. விற்க மாட்டேன், அது என் மகள் வளர்ந்த வீடு என்று நான் எழுந்து சொன்னேன். சாப்பாட்டு நேரம் தாண்டிப் பேசினார்கள். கடைசியில் கொன்சுவேலோதான் "அன்னிக்கு எவேலியோ கீழ இல்லேன்னா ஹெர்மானை நாம எங்க போய்ப் பார்த்திருப்போம்? அந்த வீடு அங்கேயே இருக்கட்டும், அவரும் அங்கேயே இருக்கட்டும், நமக்கு அவர்தான் வண்டி" என்றாள். மேட்டில் நின்று போனில் அப்பாவைக் கேட்டோம். அவர் இரண்டு நிபந்தனை சொன்னார், எந்தக் கூட்டத்துக்கும் தன்னைக் கூப்பிடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை தான் மேலே வந்து பன்றித்தோல் பொரித்தால் எவனும் முகம் சுளிக்கக் கூடாது. எல்லோரும் கை தூக்கினார்கள். நான் வந்ததிலிருந்து ஐந்து நிமிஷத்தில் முடிந்த ஒரே விஷயம் அதுதான்.

ஆகவே நான் சேர்ந்துவிட்டேன் மகளே. வீடு எங்கள் இருவர் பெயரில்தான் இருக்கிறது, கவலைப்படாதே. உன் அறையில் இனி அவ்வப்போது காய்ச்சல்காரர்களோ, பரீட்சை எழுத இறங்கிவரும் பிள்ளைகளோ படுப்பார்கள், உன் அலமாரியைப் பூட்டிச் சாவியை அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். இந்த இடம் பத்து வருஷம் நிற்குமா, எனக்கு முட்டி தேய்ந்தால் யார் பார்ப்பார்கள் என்றெல்லாம் நீ கேட்பாய், எனக்கும் தெரியாது. அப்பா வெள்ளிக்கிழமை மேலே வருகிறார், ஞாயிறு சாயங்காலம் இறங்குகிறார். உனக்கு மட்டும் சொல்கிறேன், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வீடு திரும்புவதை நான் கவனித்ததுகூடக் கிடையாது, இப்போது வெள்ளிக்கிழமை ஆனால் வளைவில் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று கையில் இருக்கிற வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பாதையில் நிற்கிறேன்.

கடவுளும் கன்னி மரியாளும் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க மறக்காதே, டிசம்பருக்கு வா, வரும்போது பழைய செருப்பு எடுத்து வா, இன்னொரு சுவர் பாக்கி இருக்கிறது.

முத்தங்களுடன்,
உன் அம்மா
ருபியேலா