எனக்கு முன்னே போன பெட்டி

அசாம் ஜாவா,
22.9.1982, புதன்.

அன்புள்ள சந்திரிகாவுக்கு,

அம்சவள்ளி எழுதுவது. இங்கே பாலன், சேது, மாமா, கங்கா எல்லோரும் சுகம். உன் சுகத்தை விசாரிக்க இந்தக் கடிதத்தில் எனக்கு முகம் இல்லை. திங்கட்கிழமை காலையில் ஹீத்ரோவில் கடைசி ஆள் வெளியே வரும்வரை நீ நின்றிருப்பாய். ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்காமல் வந்திருப்பாய் என்பதும் தெரியும். சேது கோலசிலாங்கூர் தபால் நிலையத்திலிருந்து உன் நர்ஸ் விடுதிக்குப் போன் போட்டுப் பார்த்தார். யாரோ ஒருத்தி தூக்கக் கலக்கத்தில் எடுத்து, நீ வார்டில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாளாம். அப்புறம்தான் தந்தி கொடுத்தார். நான் வரவில்லை, யாருக்கும் ஆபத்தில்லை என்ற அளவுக்காவது அது உனக்குச் சொல்லியிருக்கும். ஏன் வரவில்லை என்று தந்தியில் என்ன போடட்டும் என்று என்னைக் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிந்துகொண்டுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துவிடாதே. பிள்ளை தூங்குகிறான், வீடு அடங்கிவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் உன்னால் ஆகவேண்டிய காரியம். நான் இங்கே இருக்கிறேன், என் பெட்டி லண்டனில் இருக்கிறது. கேலியில்லை, நிஜம். பேங்காக்கில் விமானம் மாறி, ஒரு சிரமமும் இல்லாமல், எனக்குச் சொல்லியிருந்தபடியே அது போய்ச் சேர்ந்துவிட்டதாம். கரு நீலப் பெட்டி. பூட்டு சரியில்லாததால் சிவப்பு நைலான் கயிறு கட்டியிருக்கும். மேலே சேது வெள்ளைப் பெயிண்டில் என் பெயரைக் கடைப் பலகை மாதிரி எழுதி வைத்திருக்கிறார், உன் கண்ணுக்குத் தப்பாது. பெட்டிக்கு எனக்குக் கொடுத்த பாதிச் சீட்டை இந்தக் கடிதத்துக்குள் வைத்திருக்கிறேன். அதைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள் என்று சுபாங் விமான நிலையத்தில் கவுண்டர்ப் பெண் சொன்னாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஒழுங்காகச் சொல்ல முடியுமா தெரியவில்லை.

படிக்க லண்டன் வருவது என்று முடிவானதிலிருந்து, ஒரு மாதமாக எனக்கு மண்டைக் குழப்பம். உள்ளூர் பஸ் என்றால் வந்து நிற்கும், ஏறுவோம். விமானத்துக்கு எப்போது போய் நிற்க வேண்டும், பெட்டியை எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டிக்கெட் போட்ட கிள்ளான் ஏஜெண்டு ரெண்டு மணி நேரம் முன்னால் போனால் தாராளம் என்றார். ராவாங்கில் சேதுவின் தொழிற்சாலை சூப்பர்வைசர், நடுவில் விமானம் மாறுவதால் மூன்று மணி நேரம் வேண்டும் என்றாராம். எங்கள் தலைமையாசிரியர் தன் மகனை அனுப்பிய அனுபவத்தில், பேங்காக்கில் இறங்கிப் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்கணும், இல்லாவிட்டால் அது அங்கேயே கிடக்கும் என்று பயமுறுத்தினார். நீயோ சுபாங்கில் கொடுத்ததை லண்டனில் பார்த்துக்கொள் என்று எழுதியிருந்தாய். உன் கடிதத்தையும் டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்து, ஏதோ பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படித்தேன்.

இதில் சேதுவைப் பெற்ற மாமா வேறு. உனக்குத் தெரிந்திருக்காது, நீ போன பிறகுதான் இது. இந்த ஜனவரி முதல் தேதி இங்கே எல்லாக் கடிகாரத்தையும் அரை மணி முன்னால் தள்ளி வைத்தார்கள், கவர்மெண்ட் உத்தரவு. நாடே மாற்றிக்கொண்டது. எங்கள் மாமா மட்டும் மாற்றவில்லை. ரப்பர்த் தோட்டத்தில் கங்காணி மாதிரி, மண்டோராக இருந்தவர், வெட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கட்டிய கைக்கடிகாரம் அது. ராகு காலம் கவர்மெண்டு சொன்னா நகருமா, சூரியன் என்ன புது மணிக்கு மாறிட்டானா என்பார். ஒன்பது மாதமாக எங்கள் வீட்டில் சோறு புது மணிக்கும் மாமாவின் வெந்நீர் பழைய மணிக்கும் நடக்கிறது. கங்காவுக்கும் எனக்கும் பழகிவிட்டது. அவர் எட்டு என்றால் எட்டரை என்று மனசே கூட்டிக்கொள்ளும்.

டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தவர், இதுல போட்டிருக்கிறது பழைய மணியா புது மணியா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரித்துவிட்டு, மறுநாள் நானே கிள்ளானுக்குப் பஸ் ஏறி ஏஜெண்டிடம் அதைக் கேட்டுவிட்டு வந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, டீச்சர் நீங்களா லா இதைக் கேட்கிறீங்க என்றார்.

விமானம் ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழேகாலுக்கு. ஞாயிறு ராகு காலம் நாலரைக்கு ஆரம்பிக்கிறது, அதுவும் பழைய மணியில். அது தொடங்குவதற்குள் பெட்டி கைமாறிவிட வேண்டும் என்று மாமா ஒன்றரைக்கே எங்களைக் கிளப்பிவிட்டார். அப்பளசாமி அண்ணனின் வேனில் எங்கள் வீட்டோடு அக்கம்பக்கமும் சேர்ந்து, மடியில் மடி உட்கார்ந்து போனோம். எலுமிச்சம்பழம் நசுக்கி வேன் புறப்பட்டபோது பாலன் கை தட்டினான். அவனுக்குப் பதினாலு மாதம். எல்லோரும் ஏறியதில் அவனுக்கு ஒரே குஷி.

நாங்கள் போனபோது கவுண்டர் திறக்கவே இல்லை. திறந்ததும் முதல் ஆள் நான்தான். பெட்டியை எடை போட்டு, நீளமான சீட்டைக் கைப்பிடியில் கட்டினாள் அந்தப் பெண். பேங்காக்கில் நான் எடுக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், லண்டன்தான் என்றாள். நீ எழுதியதேதான் சரி. பெட்டி ஓடுகிற வார்ப்பட்டை மேல் நகர்ந்து ரப்பர்த் திரைக்குள் போயிற்று. அண்ணி, உங்களுக்கு முன்ன அது ஓடுது பாருங்க என்று கங்கா சிரித்து அதற்கு டாட்டா காட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் பக்கத்தில் அது இருந்தவரைக்கும் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு இருந்திருக்கிறது போல. அது போன பிறகுதான் தெரிந்தது. நான் அந்தப் பெண்ணிடம், பெட்டியைக் கொடுத்த பிறகு ஒருத்தருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். உங்களுக்கு உடம்புக்கு என்ன என்றாள். எனக்கு இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான் என்று சொன்னேன்.

பிறகு எவ்வளவு நேரம் கிடந்தது, சந்திரிகா. சீக்கிரம் வந்ததுதான் வினை. மாடியில் வழியனுப்புகிறவர்கள் நின்று கை காட்டுகிற இடம் இருக்கிறதே, அங்கே சாப்பாட்டுத் தூக்கைப் பிரித்துப் புளிச்சோறு சாப்பிட்டோம். ஒரு திட்டம் போட்டு வைத்திருந்தோம். பாலன் தூங்கும்வரை நான் வைத்திருப்பது. தூங்கியதும் மாமாவிடம் கொடுத்துவிட்டு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நான் உள்ளே போய்விடுவது. சொல்லிக்கொண்டு போனால் ஆளாளுக்கு அழுது, அவன் முழித்துவிடுவான் என்று இதை நான்தான் சொன்னேன். ஆறேகாலுக்கு உள்ளே போக வேண்டும். சத்தமில்லாத மூலையாகப் பார்த்து ஒரு பெஞ்சில் நானும் மாமாவும் உட்கார்ந்தோம். மற்றவர்கள் முன்பக்கக் கம்பி ஓரம் போய்விட்டார்கள்.

அன்றைக்கென்று அவன் தூங்கவில்லை. ஒவ்வொரு விமானத்துக்கும் தலையைத் தூக்கினான். பால் மறக்கடித்து ஒரு மாதம் ஆகிறது, அன்று மறுபடி சேலையைப் பிடித்து இழுத்தான். நான் மாமாவிடம் மணி கேட்டேன். அஞ்சே முக்கால் என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன், ஆறு என்றார். பிள்ளையின் கண் சொருகியது. திரும்பக் கேட்டபோது ஆறே கால் என்றார். இன்னும் கொஞ்சம் அழுந்தட்டும், எடுத்தால் முழித்துவிடுவான் என்று நான் உட்கார்ந்திருந்தேன். அவன் மூச்சு சீராகி, கை விரல் என் தாலிக்கொடியை விட்டது. இதுவரை எனக்குத் தெளிவாக நினைவிருக்கிறது.

மாமாவின் மணி பழைய மணி என்று எனக்குத் தெரியும். ஒன்பது மாதமாகத் தெரியும். என் முதுகுக்குப் பின்னால் சுவரில் தாம்பாளம் அளவுக்கு ஒரு கடிகாரம் இருந்தது, திரும்பினால் போதும். அன்றைக்கு ஒரு தடவைகூட என் மனசு அரை மணியைக் கூட்டவில்லை. ஏன் கூட்டவில்லை? மறந்தேனா, மறந்த மாதிரி இருந்தேனா? இதைத்தான் மூன்று நாளாக எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீயாவது சொல். என்னைப் பதினாறு வயதிலிருந்து பார்க்கிறவள் நீ.

பெரிய சத்தம் கேட்டது. கம்பி ஓரத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் கை ஆட்டினார்கள். கங்கா தலைத் துண்டை வீசினாள். சேது ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினார். விமானம் ஏறி மேகத்துக்குள் போன பிறகும் அவர் கையை இறக்கவில்லை. நான் உள்ளே இருப்பதாக நினைத்துத்தான். அப்புறம் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு நின்றார், முதுகு குலுங்கியது. வீட்டில் அவர் போனால் போ, வந்தால் வா என்கிற மனுஷர். நான் போயிருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

திரும்பியவர் என்னைப் பார்த்தார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். அப்பளசாமி அண்ணன்தான் முதலில் வாய் திறந்தார். அப்ப இவ்வளவு நேரம் யாருக்குய்யா கை காட்டினோம் என்றார். பொட்டிக்கு என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்துவிட்டார்கள், கங்கா ஓவென்று அழுதாள்.

வேனில் வரும்போது சேது மாமாவைக் கோபித்துக்கொண்டார். ஏம்பா, அங்க போயும் உங்க மணிதானா என்றார். மாமா வெளியே பார்த்தபடி, அவ மணி கேட்டா, என் கையில இருந்த மணியச் சொன்னேன் என்றார். அவ்வளவுதான். அவர் என்னை நிறுத்தினாரா, நானே நின்றேனா என்று எனக்குப் புரியவில்லை. பேரனை விட்டுப் போகிறாளே என்று அவருக்கு என் மேல் வருத்தம் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஊரில் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை மீன் வாங்கப் போனால், லண்டன் ரொம்பக் கிட்டதான் போலிருக்கு, மத்தியானம் போய் ராத்திரிக்கே திரும்பிட்டாங்களே டீச்சர் என்று ஒருத்தி எனக்குக் கேட்கும்படியே சொன்னாள். பள்ளிக்கூடத்தில் என் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் எங்கும் இல்லாத ஆள்போல வீட்டில் சுற்றுகிறேன். கட்டிக்கொள்ள நல்ல சேலைகூட இல்லை, எல்லாம் உன் ஊரில் இருக்கிறது.

விஷயம் இன்னும் முடியவில்லை. லண்டனில் வகுப்பு அக்டோபர் ஆறாம் தேதிதான் தொடங்குகிறது. அதற்குள் வந்தால் இடம் உண்டு, வராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும், மறுபடி கேட்க முடியாது என்று கல்வி இலாகாவில் சொல்லிவிட்டார்கள். மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை இதே விமானத்தில் இடம் இருக்கிறதாம். வேண்டுமா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் ஏஜெண்டுக்குச் சொல்ல வேண்டும். சேது என்னைக் கேட்டார். நான் பிள்ளைக்குப் பால் கரைக்க எழுந்து போய்விட்டேன். அவரும் வற்புறுத்தவில்லை. ஒரே ஒன்றுதான் கேட்டார்: நான் டாட்டா காட்டினப்ப நீ என்ன நினைச்ச?

நேற்று மத்தியானம் கங்கா பெட்டியைப் பற்றிப் பேச்செடுத்தாள். விமானக் கம்பெனிக்கு எழுதிப் போட்டால் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்களாம் என்றாள். மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை உதறிவிட்டார். கூடாது என்றார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரு வழக்கம் இருந்ததாம். நல்ல நேரம் ஒரு நாள், பயணம் ஒரு நாள் என்று வந்தால், நல்ல நேரத்தில் மூட்டையை மட்டும் கொண்டுபோய் வேறொருத்தர் வீட்டில் வைத்துவிடுவார்கள். அதற்குப் பரஸ்தானம் என்று பெயர். மூட்டை படி தாண்டினால் ஆளும் புறப்பட்டுவிட்ட கணக்கு. ஆள் பின்னால் போய்க்கொள்ளலாம், எத்தனை நாளுக்குள் என்பது அவருக்கும் சரியாக நினைவில்லை. ஆனால் வெளியே வைத்த மூட்டை திரும்ப வாசல் மிதிக்கக் கூடாது. நாலரைக்கு முன்ன நல்ல நேரத்துல பொட்டி போயாச்சு, அப்ப அவ பொறப்பட்டாச்சு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, ரசம் ஊற்றச் சொன்னார்.

படித்தவள் நான், இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்காதே. மற்ற எல்லோரும் சொன்னதில் எனக்குக் குழப்பம்தான் மிஞ்சியது. இந்த ஒன்றைக் கேட்டபோது நெஞ்சில் இருந்த ஏதோ ஒன்று கீழே இறங்கிய மாதிரி இருந்தது. பாலன் அப்போது மாமாவின் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்து அவர் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தான். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அது சந்தோஷமா துக்கமா என்றும் தெரியவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய், நெஞ்சுச் சளியை அலட்சியமாக விடாதே. எனக்காக ஒரு நாள் வீணாகக் காத்து நின்றாய், அந்தப் புண்ணியம் உன்னைக் காக்கட்டும்.

பெட்டியைத் திருப்பி அனுப்பும்படி அவர்களிடம் சொல்லிவிடாதே. எடுத்துக்கொண்டு போய் உன் அறையில் வை. கயிற்றை அவிழ்த்து, மேலே இருக்கிற நெத்திலிச் சம்பல் புட்டியையும் கருவாட்டையும் எடுத்து நீயே சாப்பிட்டுவிடு, வைத்தால் அறை நாறும். சேலைகளை வேண்டுமானால் உதறி மாட்டு. அடியில் ஒரு பிளாஸ்டிக் பையில், வாய் கட்டி, பாலனின் மஞ்சள் சட்டை ஒன்று வைத்திருக்கிறேன். அழுக்காக இருக்கிறதே என்று அதை மட்டும் துவைத்துவிடாதே. பையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திரு.

உன்,
அம்சா.